ஜன்னல் வேண்டாம்

கப்பலில் அறை எடுக்கப் போனால் முதலில் கேட்கிற கேள்வி ஜன்னல் வேண்டுமா என்பதுதான். நான் வேண்டாம் என்றேன். டிக்கெட் போடுகிற அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தாள்.

“யாருக்கு மேடம் ரூம்?”

“எங்க அப்பா அம்மாவுக்கு. நாப்பத்தஞ்சாவது கல்யாண நாள் வருது. அவங்களுக்குத் தெரியாது, சர்ப்ரைஸ்.”

“முதல் தடவையாத்தானே கப்பல்ல போறாங்க? அவங்களைப் போய் ஜன்னல் இல்லாத ரூம்ல அடைக்கலாமா? கடலைப் பாக்கத்தானே போறாங்க?”

“கடலைப் பாக்க இல்ல. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க.”

அவளுக்கு அது காதல் பேச்சாகப் பட்டிருக்க வேண்டும். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த ஆபீஸ் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஓடாத ஒரு ஏசி. மேசை மேல் கப்பலின் ஒவ்வொரு தளத்தையும் வரைந்த தாள்களை விரித்துப்போட்டு விரலால் காட்டிக்கொண்டே போனாள். இது ஆட்டம் பாட்டம் நடக்கிற ஹாலுக்கு நேர் மேலே, தூங்க முடியாது. இது சமையலறைக்கு அடியில், விடிகாலையிலேயே பாத்திரம் உருட்டுவார்கள். இது கப்பலின் மூக்கு, ஆட்டம் அதிகம், வயதானவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். நடுவில் எடுத்தால் நல்லது, லிஃப்ட்டுக்கும் பக்கம்.

“போன் சிக்னல் இருக்குமா?” என்று கேட்டேன்.

“கரையைத் தாண்டினா இருக்காது. வைஃபை தனியா வாங்கணும்.”

“வேணாம். உள்பக்கமா, நடுவுல, நாலு ராத்திரி. அவ்வளவுதான்.”

இப்படி ஒரு மகள் இருப்பாளா என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும்.

என் அப்பாவும் அம்மாவும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே டிவி. பேச்சு மட்டும் கிடையாது. அம்மா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவள். ஓய்வு பெற்ற அன்று மேடையில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒரு வாரமாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருந்த பேச்சு. நடுவில் ஓர் இடத்தில் திக்கி நின்றுவிட்டாள். அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், ஒரு நிமிடம் வீணானாலும் பொறுக்கமாட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, “பேச வரலைன்னா இறங்கிடு, சாப்பாடு ஆறுது” என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அம்மா இறங்கினாள். அன்றைக்கு மூடிய வாய்தான். அப்பா ரெண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் தன் பங்குக்கு அவரும் மூடிக்கொண்டார்.

அதிலிருந்து அந்த வீட்டின் வாய் நான். மாடியில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். கீழே இறங்கினால் ஆரம்பித்துவிடும்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப்போகுது.”

“உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குத் தெரியும்.”

“உங்கப்பாகிட்ட சொல்லு, தெரிஞ்சா மட்டும் போதாது.”

ரெண்டு பேரும் ஒரே அறையில், ஆறடி தூரத்தில் இருப்பார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நேராகவே விழும். ஆனாலும் நான் ஒரு முறை திருப்பிச் சொன்னால்தான் விழுந்ததாக அர்த்தம். நான் வேலைக்குப் போய்விட்டால் போனில் துரத்துவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலை. யாருடைய கையையோ கட்டி, நரம்பைத் தேடி, ஊசியை ஏற்றப்போகிற நேரம் பார்த்துப் பாக்கெட் அதிரும். “உங்கம்மாகிட்ட கேளு, என் கண்ணாடியை எங்க வெச்சா?” நான் அம்மாவுக்குப் போன் போடுவேன். அம்மா, கண்ணாடி அவர் தலைமேல் இருக்கிறது என்பாள். நான் அப்பாவுக்குப் போன் போட்டுத் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இந்தப் பிழைப்பு.

வேறு ஊரில் எங்கள் கிளை ஒன்றுக்கு என்னைத் தலைமையாகப் போகச் சொல்லி ரெண்டு முறை கேட்டார்கள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு முறை, போன வருடம் ஒரு முறை. ரெண்டு முறையும் மறுத்தேன். எப்படிப் போவது? ஒருவருக்கு நெஞ்சு வலித்தால்கூட மற்றவரிடம் சொல்ல ஆள் வேண்டுமே. இப்போது மூன்றாவது முறை. எங்கள் பெரிய டாக்டர், “மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. இந்தத் தடவையும் இல்லைன்னா இனிமே உங்களைக் கேக்கவே மாட்டேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

என் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு வேலை கிடைக்கும். பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர், அந்தப் பெயரை என்னாலேயே கெடுத்துக்கொண்டார்.

“நீ இவங்களுக்கு மகளா, ஒயரா?” என்று கத்தினார். “ஒரு தடவை ஒயரைப் புடுங்கித்தான் பாரேன். என்ன ஆயிடும்?”

அங்கே உதித்தது கப்பல். பிடுங்கிவிட வேண்டியதுதான். நாலு ராத்திரி, நாலு சுவர், நான் இல்லை, போன் இல்லை, வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார ஒரு ஜன்னல்கூட இல்லை. ஒன்று பேசுவார்கள், இல்லையென்றால் அடித்துக்கொள்வார்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

தம்பிக்கு இதைச் சொன்னபோது அவன் துள்ளிக் குதித்தான். அவன் தூரதேசத்தில் இருக்கிறான். தூரத்தில் இருக்கிற பிள்ளை எப்போதும் செல்லப்பிள்ளைதான், வாரம் ஒரு போன் போட்டால் பாசம் தீர்ந்தது. ஆனால் அறை விஷயத்தில் மல்லுக்கு நின்றான்.

“பால்கனி ரூம் போடுக்கா. காலையில ரெண்டு பேரும் உக்காந்து, காபி குடிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டு, கடலைப் பாக்கட்டும்.”

“பேசிக்கிட்டா? நீ எந்த வீட்டுப் புள்ளைடா?”

“இல்ல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“பால்கனி குடுத்தா ஒருத்தர் உள்ளே இருப்பாரு, ஒருத்தர் வெளியே இருப்பாங்க. நடுவுல கண்ணாடிக் கதவு. இங்க நடக்கிற கூத்தைத்தான் அங்கயும் நடத்துவாங்க.”

“உனக்கு எப்பவும் உன் புடிவாதம்தான். அவங்களுக்குச் சந்தோஷம் குடுக்கப் போறியா, தண்டனை குடுக்கப் போறியா?”

“ஒரு வாரம் இங்க வந்து இரு. அப்புறம் எனக்குச் சந்தோஷத்தைப் பத்திப் பாடம் எடு” என்று போனை வைத்தேன். அவன் மூணு நாள் பேசவில்லை. எங்கள் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும்.

டிக்கெட்டுக்கு ரெண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் தேவைப்பட்டது. தம்பியைப் பார்க்கப் போவதற்காக எடுத்தவை, போகாமலே அலமாரியில் கிடந்தன. ரகசியம் காப்பதற்கு எங்கள் வீட்டைப் போல ஒரு வசதியான வீடு உலகத்தில் கிடையாது. யாருக்கு என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் காதிலிருந்து மற்றவர் காதுக்குப் போகிற ஒரே பாதை நான்தானே. அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, அங்கே பெஞ்சில் வைத்து, பென்ஷன் ஆபீசில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அம்மாவிடம், தம்பி ஏதோ இன்சூரன்ஸ் போடுகிறான், அதற்கு வேண்டும் என்றேன். ரெண்டு பேரும் எடுத்துக் கொடுத்தார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து அடுப்படியில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“பென்ஷன் ஆபீஸ்ல பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்தாங்களா? பத்திரமா வாங்கி வை.”

“குடுத்துட்டாங்கம்மா” என்று சொல்லிவிட்டு மாடிப்படி பாதி ஏறியபிறகுதான் எனக்கு உறைத்தது. பென்ஷன் ஆபீஸ் என்பது அப்பாவுக்குச் சொன்ன பொய். கண் டாக்டர் வீட்டு பெஞ்சில், எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்ன பொய். அது எப்படி அம்மாவிடம் வந்தது?

படியிலேயே நின்றேன். அப்பா போனில் வேறு யாரிடமாவது சொல்லி, அது அம்மா காதில் விழுந்திருக்கலாம். நானே வாய் தவறி உளறியிருக்கலாம். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. நம்பமுடியாத முடிவு ஒன்று வந்தால் அதை எழுதிக் கொடுத்துவிட மாட்டோம். இன்னொரு முறை ரத்தம் எடுத்து ஓட்டிப் பார்ப்போம்.

மறுநாள் காலை அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் குனிந்து, “மொட்டைமாடித் தொட்டியில பூனை ஒண்ணு செத்துக் கிடக்குப்பா. நாளைக்குத்தான் கழுவ ஆள் வர்றான். அம்மாகிட்ட நான் சொல்லப்போறதில்ல, அருவருப்புல ரெண்டு நாள் சாப்பிடமாட்டாங்க” என்றேன்.

“ஐயையோ” என்றார் அப்பா. “சரி, சரி. சொல்லாதே.”

மதியம் நான் சாப்பிட வந்தேன். அடுப்படியில் இருந்த எல்லாப் பாத்திரங்களும் காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கடையிலிருந்து ரெண்டு கேன் தண்ணீர் வந்திருந்தது. அம்மா கேன் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது?”

“குழாய்த் தண்ணி என்னவோ ஒரு மாதிரி வாடை அடிக்குதுடி” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொட்டியில் பூனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்பா பக்கத்து அறையில் மும்முரமாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வேலைக்குத் திரும்பிப் போனேன். அன்றைக்கு மதியம் மூன்று பேருக்கு நரம்பு கிடைக்காமல் ரெண்டு முறை குத்தினேன். பதினெட்டு வருட வேலையில் அப்படி நடந்ததில்லை. ஒரு கிழவர், “கோவத்தை என் கையில காட்டாதம்மா” என்றே சொல்லிவிட்டார்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிக்கெட்டைக் கொடுத்துவிடலாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் கோபத்தையெல்லாம் மறந்துவிட்டு, போனில் முகத்தைக் காட்டியபடி தயாராக உட்கார்ந்துவிட்டான். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து மேசை நடுவில் நிறுத்தினேன். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், செம்பில் தம்பி.

“சர்ப்ரைஸ்!” என்று அவன்தான் கத்தினான்.

உறையைப் பிரித்து அப்பா படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “உங்கம்மாகிட்ட சொல்லு, கப்பல்ல போறோமாம். நாலு ராத்திரி” என்றார்.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். “உங்கப்பாகிட்ட சொல்லு, எனக்குக் கடல் ஒத்துக்காது. அதோட இதுல ஜன்னலே இல்லைன்னு போட்டிருக்கு.”

எவ்வளவு நேர்த்தி! ஒரு கண் சிமிட்டல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. இவள் அன்றைக்கு மேடையில் ஏன் திக்கினாள் என்று எனக்குத் தோன்றியது.

“அம்மா, தொட்டியில பூனை எதுவும் சாகலை” என்றேன்.

அம்மாவின் கை தாளை மடித்துக்கொண்டே இருந்தது. அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் என் கண் முன்னால் நடக்காதது அது.

“உங்ககிட்ட நான் அப்பவே சொன்னேன்ல, இவ கண்டுபிடிச்சிடுவான்னு” என்றாள் அம்மா. என்னிடமில்லை. அவரிடம்.

“பென்ஷன் ஆபீஸைப் பத்தி வாயை விட்டது யாரு? நானா?” என்றார் அவர்.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

அப்பா எதிலும் துல்லியம் பார்க்கிறவர். அப்போதும் யோசித்துத்தான் சொன்னார். “அஞ்சு வருஷமா. உனக்கு முதல் தடவை மாத்தல் வந்துச்சே, அன்னிக்கு. நீ மேலே போனதும் அடுப்படிக்குப் போய் உங்கம்மாகிட்ட, ‘இவ போயிடுவா போலிருக்கே’ன்னேன்.”

“அதுதான் முதல் பேச்சா?”

“ஆமா. அவளுக்கும் அதே பயம். அன்னிலேர்ந்து பேசிக்கிறோம்.”

“அப்புறம் என் முன்னாடி எதுக்கு இந்த நாடகம்?”

இதற்கு அம்மா பதில் சொன்னாள். அவள் குரலில் வெட்கம் இருந்திருந்தால் நான் கொஞ்சம் இறங்கி வந்திருப்பேனோ என்னவோ. இல்லை. “நாங்க பேசிக்கிறோம்னு தெரிஞ்சா நீ நிம்மதியாப் போயிடுவே. பேசலைன்னாத்தான் விட்டுட்டுப் போக உனக்கு மனசு வராது. வயசான காலத்துல நாங்க வேற யாரைடி நம்புறது?”

போன வருடம் ரெண்டாவது முறை கேட்டபோது, அந்த ஒரு வாரம் மட்டும் “உங்கப்பாகிட்ட சொல்லு” ரெண்டு மடங்கானது ஏன் என்று இப்போது விளங்கியது. திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள். மாடியில் நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கீழே ரெண்டு பேரும் நாளைக்கு எதற்குச் சண்டை போடலாம் என்று கலந்து பேசியிருக்கிறார்கள்.

“அக்கா, கோவப்படாதே. பெரியவங்க ஏதோ பயத்துல…” என்றது செம்பு.

அவன் அதிர்ச்சியே அடையவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். “உனக்குத் தெரியுமாடா?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். “வாரா வாரம் போன்ல ரெண்டு பேரும்தானே சேர்ந்து பேசுவாங்க… சொல்லாதேன்னாங்க. நீயும் அங்கேயே இருந்தா நல்லதுதானேன்னு…”

“உனக்கு நல்லது. வந்து பாத்துக்க வேண்டியதில்ல பாரு.”

மேசையை விட்டு எழவில்லை. செம்பிலிருந்து போனை எடுத்து அவன் முகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயே பெரிய டாக்டருக்குப் போட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “சார், நான் போறேன் சார். எப்ப வேணும்னாலும்” என்றேன். அவர் ஒன்றாம் தேதியே சம்மதத்தை எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். நன்றி சொல்லி வைத்தேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

“எங்களைத் தனியா விட்டுட்டுப் போறியா?”

“தனியா எங்க? ரெண்டு பேர் இருக்கீங்க. பேச்சுத் துணைக்கும் குறைவில்ல.”

“இவ்வளவு ஆத்திரம் ஆகாதும்மா” என்றார் அப்பா.

“கப்பல் நாலாம் தேதி கிளம்புது. எட்டாம் தேதி திரும்பும். மேல் வீட்டை அதுக்குள்ள காலி பண்ணிடுவோம். இதுதான் சர்ப்ரைஸ்.” போனில் தம்பியைத் திரும்பக் கொண்டுவந்தேன். “எட்டாம் தேதி துறைமுகத்துல இவங்களைக் கூப்பிட நீ வந்து நிக்கிறே.”

“எனக்கு லீவு கிடைக்காதேக்கா…”

“அதை அம்மாகிட்ட சொல்லு. அப்பாகிட்ட அவங்களே சொல்லிடுவாங்க.”

போனை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். மாடிப்படிக்கு வருவதற்குள் பின்னால் ஆரம்பித்துவிட்டது.

“எல்லாம் உங்களாலதான். பூனை கதையை உடனே ஓடி வந்து சொல்லணுமா?”

“உனக்குக் குழாய்த் தண்ணியைக் குடிக்கக் குடுத்துட்டுச் சும்மா உக்காந்திருக்கவா? நீ வாயை அடக்கியிருக்கணும்.”

“நானா? ஒம்போது வருஷம் வாயை அடக்கினவ நான்.”

“நாலு வருஷம். மீதி அஞ்சு வருஷமா நிறுத்தாமப் பேசிக்கிட்டுத்தான் இருக்கே.”

அம்மா சிரித்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் வருகிற சிரிப்பு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அப்பாவும் ஏதோ முணுமுணுத்தார், அவளைத் தேற்றுகிற குரலில். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் ஒன்பது வருடம் செய்தி சுமந்தேன், ஜன்னல் இல்லாத அறை தேடி அலைந்தேன். இப்போது கேட்கிறது, வயிறு எரிகிறது. நான் கீழே இறங்கிப் போகும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் இந்த வீடு இப்படித்தான் இருந்திருக்கிறது. என்னைத் தவிர எல்லோரும் இந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறார்கள். அழுகை வந்தது. அழுதேன். கீழே யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன். என் கணவர் கதவருகில் நின்றிருந்தார், எல்லாம் கேட்டிருக்க வேண்டும். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கச் சொன்னேன்.